பாலை மலையில் காகத்துக்கு வைத்த சோறு

பாரிஸில், லா சப்பலில் புரட்டாதிச் சனி விரதம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடைகளில் எள்ளு இருக்கிறது, வாழையிலை இருக்கிறது, கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கச் சனம் வரிசையில் நிற்கிறது. இல்லாதது காகம்தான். மத்தியானம் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்து, அது வந்து வாய் வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். நான் நாலாம் மாடிக் குசினி யன்னலைத் திறந்து, விளிம்பில் சோற்றை வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டால் வருவது புறா. ஒன்று வந்தால் தெருவிலுள்ள அத்தனையும் வரும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற போர்த்துக்கேய மனுசி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கத்துவா. புறாவுக்குச் சாப்பாடு போட்டால் தண்டம் என்று மாடிப்படியில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறா. அது யாருக்காக ஒட்டினது என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் சோற்றை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு ஸ்டாலின்கிராட் வாய்க்கால் கரைக்கு நடப்பேன். அங்கே குப்பைத்தொட்டிப் பக்கமாக ஒன்றிரண்டு காகம் நிற்கும். பீட்சா தின்று பழகிய காகங்கள். என்னுடைய எள்ளுச்சோற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாவம் பார்த்து ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். எனக்கு அது போதும்.

விரதம் எனக்காக இல்லை, மகளுக்காக. எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. செவ்ரானில் சாத்திரம் பார்க்கிற ஐயா அவளுடைய குறிப்பைப் பார்த்துவிட்டு, "ஏழரைச் சனி நடக்குது, தொழில்ல ஒரு கண்டம் காட்டுது, தாய் விரதம் பிடிச்சால் தாங்கும்" என்று சொன்னார். மகளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். சனி என்பது வெறும் வாயுவாலான ஒரு கிரகம், அதற்கு உன் மகளின் வேலை என்னவென்றே தெரியாது என்று பிரெஞ்சில் ஒரு பாடமே எடுத்தாள். படித்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும். நான் என் பாட்டில் விரதத்தைத் தொடங்கிவிட்டேன். எள்ளெண்ணெய் எரிக்கிறபோது இரண்டு வரம் கேட்பேன். பிள்ளையின் வேலை நிலைக்க வேண்டும். பிள்ளை என் கண்ணுக்கெட்டின தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று அப்போது யோசிக்கவில்லை.

ஏனென்றால் அவளுடைய வேலை மொரோக்கோவின் தெற்கே இருந்தது. பாலைவனத்துக்கு நடுவே ஒரு பெரிய மலைப் பூங்கா. ஆமைக் குஞ்சுகள் பொரித்து வெளியே வந்த பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. ஒரு வருட ஒப்பந்தம். அந்த வருடத்துக் குஞ்சுகள் மழைக்காலம் வரைக்கும் தாக்குப் பிடித்தால் வேலை நீளும். இல்லாவிட்டால் காசு தருகிறவர்கள் கையை விரித்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள். என் மனுசன் ஒரு உணவகத்தில் சமைக்கிறவர். அவருக்கு இது தலைக்குள் ஏறவே இல்லை. "ஆமைக்குப் பின்னால திரியவோ இவள் இவ்வளவு படிச்சவள்? வேற ஒரு மிருகமும் கிடைக்கேல்லையோ?" என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் கேட்பார்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சென் தெனியில் நான் துடைக்கிற காரியாலயத்தில் எனக்குக் கிடைத்தது. புரட்டாதி நடுவில் தனியாகப் புறப்பட்டேன். பெட்டியில் உடுப்பைவிட அரிசி, எள்ளு, பருப்பு, மிளகாய்த்தூள்தான் கூட.

விமான நிலையத்திலிருந்து மகள் ஒரு பழைய ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கணக்காக ஒரு பச்சை இலை இல்லை. மலை என்றால் நான் நினைத்து வைத்திருந்தது மரமும் மேகமும். இது வெறும் கல். செம்மண் நிறக் கல், கறுத்த கல், வெயிலில் வெடித்த கல். இதுக்குள் என்ன சீவிக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். மகள் திடீரென்று ஜீப்பை நிறுத்தி விரலை நீட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கல் அசைந்தது. கழுத்திலிருந்து நெஞ்சு வரை தாடி தொங்கும் காட்டுச் செம்மறி. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதன் குட்டி. செங்குத்தான பாறையில், எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறுவது போல ஏறிப் போயின. "ஐயோ, விழப்போகுதடி குட்டி!" என்று கத்திவிட்டேன். மகள் வாயில் விரலை வைத்தாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

பூங்காவுக்குள் அவர்கள் தங்குகிற வீடு தகரக்கூரை போட்ட சின்ன வீடு. பொறுப்பாக இருந்தவ ஒரு மொரோக்கோ அம்மா, நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தா. எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே. எனக்கென்று ரொட்டி சுட்டு, தேனும் ஒலிவெண்ணெயும் வைத்து, தன்னுடைய அறையை எனக்கு விட்டுவிட்டுத் தான் விறாந்தையில் படுத்தா. எனக்கு அது ஒரு மாதிரிப் போய்விட்டது.

முதல் நாளே மகள் சொல்லிவிட்டாள். "அம்மா, இஞ்சை ஒண்டுக்கும் சாப்பாடு குடுக்கக் கூடாது. விளங்கிச்சுதோ? ஒண்டுக்கும்."

"ஓம் பிள்ளை, எனக்கென்ன விசரே?" என்றேன்.

அடுத்த நாள் என்னை மலைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். முதுகில் கோடு போட்ட அணில்கள் கல்லிடுக்கில் இருந்து எட்டிப் பார்த்தன. சின்ன மான் கூட்டம் ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு ஓடியது. முள்ளு வாலோடு ஒரு பெரிய உடும்பு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. "எங்கட வன்னியிலை எண்டால் இது இண்டைக்குக் கறி" என்றேன். "அம்மா!" என்று அவள் என் தோளில் அடித்தாள். இரண்டு பேரும் நின்று சிரித்தோம். அவளோடு அப்படிச் சிரித்து எத்தனையோ காலம்.

பிறகு வீட்டுக்குக் கிட்டவாக இருந்த ஒரு வறண்ட ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கினோம். முட்புதருக்குக் கீழே முழங்காலில் இருந்து, மண்ணை மெல்ல விலக்கிக் காட்டினாள். ஆமைக் குஞ்சு. பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்த அளவுதான். முதுகில் ஒரு புள்ளி வர்ணம் பூசியிருந்தாள். ஓடு இன்னும் இறுகவில்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் என்றாள். இந்தப் பள்ளத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொன்னாள். மனிசர் இல்லை, குப்பை இல்லை, அதனால் குஞ்சு தின்கிறதுகள் இந்தப் பக்கம் தங்குவதில்லை. நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். ஆனால் அந்தக் குஞ்சைத் திரும்ப மண்ணுக்குள் விடும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் லா சப்பலில் ஒருநாளும் கண்டதில்லை.

சனிக்கிழமை வந்தது. அவர்கள் எல்லோரும் விடியப் போய்விட்டார்கள். நான் தலைக்குத் தோய்ந்து, சோறும் பருப்பும் வைத்து, எள்ளு வறுத்துப் போட்டுப் பிசைந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் ஒரு பிடி வைத்தேன். இந்தப் பாலைவனத்தில் காகத்துக்கு எங்கே போவது, இன்றைக்குப் பட்டினிதான் என்ற எண்ணத்தோடுதான் கூப்பிட்டேன். கூப்பிட்ட சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்த கையோடு, எங்கிருந்தோ ஒரு கறுப்பு வந்து இறங்கியது. எங்களுடைய அண்டங்காகம் மாதிரிப் பெரிது, கழுத்து மட்டும் பழுப்பு. என்னைப் பார்த்தது, சோற்றைப் பார்த்தது, ஒரு பருக்கை விடாமல் தின்றது.

எனக்குப் புல்லரித்துப் போனது. அன்றைக்கு மனுசனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"காகம் வந்ததோ?" என்று கேட்டார்.

"வந்ததோவோ! கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்குது. உங்கட பாரிஸ் காகம் மாதிரியே?"

"அப்ப அங்கையே ஒரு வீட்டைப் பார்ப்பம்" என்றார்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். ஒன்றுக்கும் சாப்பாடு குடுக்கக் கூடாது என்று மகள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது அணிலுக்கும் மானுக்கும் பிஸ்கட் போடுகிற சுற்றுலாக்காரருக்குச் சொன்ன சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். காகம் என்ன, காட்டு மிருகமே? நான் என்ன, விளையாட்டுக்கோ போடுகிறேன்? இது படையல், பிள்ளையின் தோசத்துக்குச் செய்கிறது. காகச்சோறும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றால் மகளிடம் ஏன் ஒளித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அவள் சிரிப்பாள் என்றுதான் ஒளித்தேன். வேறு காரணமில்லை.

சனியோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே வந்து பாறையில் இருந்தது. வந்ததை வெறும் வாயோடு அனுப்பலாமோ என்று மிச்சச் சோற்றைப் போட்டேன். அடுத்த நாள் சோடி சேர்த்துக்கொண்டு வந்தது. அதற்கடுத்த நாள் கூட்டமாக வந்தன. பகல் முழுக்கத் தனியாக இருக்கிற எனக்கு அவை நல்ல துணை. "கொஞ்சம் பொறுங்கோடா, சோறு அவியட்டும்" என்று கதைத்துக்கொண்டு சமைப்பேன். சனீசுவரனே சொந்தபந்தத்தோடு வந்து நிற்கிறார், பிள்ளைக்கு இனி ஒரு குறையும் வராது என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

வியாழக்கிழமை காலை மகள் பள்ளத்திலிருந்து வழமைக்கு முன்னமே திரும்பி வந்தாள். தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஆமை ஓடுகள். முதுகில் புள்ளி வர்ணம், நடுவில் ஓட்டை, உள்ளே ஒன்றுமில்லை. அவள் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள்.

"என்னடி இது? எது செய்தது?" என்று கேட்டேன்.

"காகம்" என்றாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். இந்தப் பள்ளத்துக்கு ஒருநாளும் வராத காகங்கள், இப்போது கூட்டமாக வந்து புதர் புதராக இறங்கித் தேடுகின்றன, ஏன் என்றே விளங்கவில்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் நகம் பிராண்டுகிற சத்தம் கேட்டது. என்னுடைய விருந்தாளிகள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மகள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழும்பிப் பின்பக்கம் போனாள். பாறையில் சோறும் எள்ளும் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. அவள் அதில் ஒரு பருக்கையைச் சுரண்டி எடுத்து விரலில் வைத்துப் பார்த்தாள்.

"பிள்ளை, சனி விரதத்துக்கு..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். அவள் ஒரு சொல் பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பின்னேரம் மதாம் வந்து பாறையைப் பார்த்தா. யார் என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முன்னமே மகள், "நான்தான். மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டலாம் என்று அம்மாவிடம் நான்தான் சொன்னேன், என்னுடைய பிழை" என்று பிரெஞ்சில் சொன்னாள். காரியாலயம் துடைத்த இத்தனை வருடத்தில் பிரெஞ்சு பேச எனக்கு வரவில்லை, ஆனால் விளங்காத பிரெஞ்சு இல்லை. அது அவளுக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே விசா அலுவலகம், ஆஸ்பத்திரி என்று எனக்காகப் பேசியவள் அவள்தான். அப்போதெல்லாம் நான் சொன்னதைத்தான் சொல்லுவாள். நான் சொல்லாததை எனக்காகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதாம் மகளிடம் கேட்ட கேள்வியெல்லாம் கேட்டு முடியும் வரைக்கும் நின்றேன். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. கடைசியில்தான் வாய் வந்தது.

"நோ, மதாம். சே முவா" என்றேன். நான்தான்.

மதாம் என் பக்கம் திரும்பி, ஏன் என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டா. ஏழரைச் சனியை என்னுடைய பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை, காகம், விரதம், ஒன்றையும் கோர்க்க முடியவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வசனம். "பூர் மா ஃபீய்" என்றேன். என் மகளுக்காக. மேசையில் ஓடுகள் அடுக்கியபடி இருந்தன. மகள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மதாம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். மிச்சக் குஞ்சுகளைப் பிடித்து வலைபோட்ட கூட்டுக்குள் விட வேண்டும் என்று மகளோடு கதைக்கத் தொடங்கினா. கூட்டுக்குள் விட்டால் அவை தாங்களாகப் பிழைக்கிற கதை முடிந்தது, மகளின் ஆராய்ச்சியும் முடிந்தது. அது எனக்கும் விளங்கியது. அன்றைக்கும் அந்த அம்மா விறாந்தையில்தான் படுத்தா. நான் அவவுடைய கட்டிலில் கிடந்தேன்.

மனுசனுக்கு ஃபோனில் சொன்னபோது, "நீர் தெரிஞ்சு செய்யேல்லைத்தானே, விடும்" என்றார்.

"தெரியாது எண்டு சொல்லாதேங்கோ. பிள்ளை எனக்குச் சொன்னவள்" என்றேன்.

வெள்ளி முழுக்க அவர்கள் பள்ளத்தில் வலை கட்டினார்கள். நானும் வரட்டோ என்று கேட்டேன். "வேண்டாம் அம்மா" என்றாள். குரலில் கோபமில்லை. வீட்டில் வந்து நிற்கிற யாரோ ஒரு ஆளுக்குச் சொல்வதுபோல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் திரும்ப வேண்டும். ஒருவேளை முன்னமே போய்விட்டால் நல்லது என்று அவள் நினைக்கிறாளோ என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

நடுவில் மறுபடியும் சனிக்கிழமை. விரதத்தை விடவும் பயம், பிடிக்கவும் வெட்கம். கை தன்பாட்டில் அரிசியைக் கழுவிப் போட்டுவிட்டது. சோறு அவிகிற மணத்துக்கே காகங்கள் வந்து பாறையில் வரிசையாக இருந்துவிட்டன. நான் வெளியே போய்க் கல்லெடுத்து எறிந்தேன். சனி விரதத்தன்று காகத்துக்குக் கல்லெறிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அவை பறந்து போகவில்லை. கல் விழுந்த இடத்துக்கு ஓடிப்போய், சோறு என்று நினைத்து, கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன. பிறகு என் காலடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. "போங்கோடா, சனியன்களே, போங்கோ!" என்று கத்தினேன். யாரை ஏசுகிறேன் என்று கத்திய பிறகுதான் உறைத்தது. வந்த விருந்தாளிகளை ஏசி என்ன பிரயோசனம்? கூப்பிட்டது நான்.

மத்தியானம் தாண்டி மகள் வந்தாள். கையெல்லாம் கம்பி கிழித்த காயம். கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் இருந்தாள்.

"சமைச்சனீங்களோ?"

"ஓம்."

"சாப்பிட்டீங்களோ?"

அவள் சட்டி மூடியைத் திறந்தாள். சோறு தொடாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில், பழக்க தோசத்தில், ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். எள்ளு போட்டுப் பிசைந்தது.

"இதுதானே காகத்தின்ரை?" என்றாள்.

"ஓம்."

தட்டை இழுத்து, அந்தச் சோற்றை அவள் தின்றாள். பிள்ளை சின்னதாக இருந்தபோது தின்கிற மாதிரி, விரலில் ஒட்டியதையும் விடாமல் தின்றாள். யன்னலுக்கு வெளியே காகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. படைக்கிற சோற்றை உப்புப் பார்க்கக் கூடாது, அதனால் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"உப்புக் காணாது" என்றாள். "இனி நீங்கள் சாப்பிடலாம்."

சோற்றைப் போட்டுக்கொண்டேன், வாய்க்குள் கொண்டுபோக முடியவில்லை. அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மதாம் காசு தாற ஆக்களோடை கதைச்சவா. மார்கழியோடை முடியுதாம். இனி நீட்ட மாட்டினம்."

"அப்ப பிறகு?"

"பிறகென்ன? வீட்டை வாறன்."

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும், ஐயோ, எனக்குள் சந்தோசம் கிளம்பியது. அவளுடைய வேலையை என் கையால் தின்னக் கொடுத்துவிட்டு, அவளுடைய ஓடுகள் இன்னும் அந்த மேசையில் கிடக்க, பிள்ளை என் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வரப்போகிறாள் என்று என் நெஞ்சு துள்ளியது. நான் அதை அமுக்கப் பார்த்தேன். குனிந்து சோற்றைப் பிசைந்தேன். ஆனால் நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அது தெரிந்திருக்கிறது.

அவள் எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள்.